பின்னாடி ஒரு டிக்கி, அவ்வளவுதான்

முன்கோபமும் பழைய காரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. இரண்டையும் வைத்திருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ("வைத்திருக்கிறவன்னு எழுதுங்க" என்கிறாள் மனைவி. சரி, கார் இன்னும் இருக்கிறது. கோபமும்தான்.)

நான் கரூர்க்காரன். மனைவி சுதா மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வேலை மாற்றலாகி மைசூருக்கு வந்த ஆறாம் மாதம் கார் வாங்கக் கிளம்பினேன். "நானும் வரேங்க. உங்க கன்னடத்த நம்பி அனுப்ப முடியாது" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கன்னடம் என்ன பெரிய கம்பசூத்திரமா? தனியாகவே போனேன்.

விற்றவர் மரியாதையான மனிதர். காரைச் சுற்றிக் காட்டிவிட்டுப் பின்பக்கத்தைத் தட்டி, "ஹிந்த்கடெ ஒந்து டிக்கி ஆகிதெ சார், அஷ்டே" என்றார். பின்னாடி ஒரு டிக்கி, அவ்வளவுதான். பின்னே, முன்னாடியா இருக்கும்? "கொத்து, கொத்து" (தெரியும், தெரியும்) என்று சிரித்தேன். அவரும் நிம்மதியாகச் சிரித்தார்.

மறுநாளே வண்டி சுயரூபத்தைக் காட்டியது. இடது இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடும். கொளுத்தும் வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரும்பும் என்னைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். டிக்கியோ, முழங்காலால் பம்பரை முட்டி, சாவியைத் திருப்பி, ஓங்கி ஒரு குத்து விட்டால்தான் திறக்கும். குத்துவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீக்கிரமே கை பழகிவிட்டது. காரை அடக்கிவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன், மடையன்.

அப்போதுதான் என் மைத்துனன் குமாருக்குக் கல்யாணம். "தாலிப் பெட்டி மூத்த மாப்பிள்ளை கார்லயே வரட்டும்" என்றார் மாமனார். சுதா மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். பிரேக் போட்டால் தெறித்துவிடும் என்று அதட்டி, டிக்கியில் வைத்துப் பூட்டினேன்.

மண்டபத்துக்குப் போனால் டிக்கி திறக்கவில்லை. முட்டினேன், திருப்பினேன், குத்தினேன். கை வீங்கியதுதான் மிச்சம். உள்ளே புரோகிதர் தாலி எங்கே என்று கேட்டுவிட்டார். முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பெண் வீட்டார் ஒவ்வொருவராக வெளியே வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். "வெந்நீர் ஊத்திப் பாருங்களேன்" என்றார் ஒருவர். திறந்திருந்தால் அவரை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பேன்.

மாமனார் மட்டும் மெதுவாக, "மாப்பிள்ளை, பையன் மணையில உக்காந்திருக்கான்" என்றார். அதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எங்கள் தெரு சரிவு. அங்கே ஒரே குத்தில் திறக்கும் என்பது ஞாபகம் வந்தது. மண்டப வாசலிலும் ஒரு சரிவு இருந்தது. அதில் நிறுத்திக் குத்திப் பார்க்கலாம் என்று காரில் ஏறி ரிவர்ஸ் எடுத்தேன். வாட்ச்மேன் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"சார்! டிக்கி ஆகுத்தெ, டிக்கி!"

ஊரே சேர்ந்து டிக்கி டிக்கி என்றால் யாருக்குத்தான் வெறி பிடிக்காது? "ஆமாய்யா, டிக்கிதான்! திறக்கல! உன் வேலையப் பாரு!" என்று கத்திக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

வாழைமரம் கட்டியிருந்த தூணில் டமார் என்று மோதியது கார். டிக்கி வாயைப் பிளந்துகொண்டது.

சுதா பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த அவசரத்திலும் திரும்பி, "கன்னடத்துல டிக்கின்னா மோதறதுங்க! வண்டி இடிக்கப் போகுதுன்னு கத்தினாரு அவரு!" என்றாள்.

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. ஹிந்த்கடெ ஒந்து டிக்கி ஆகிதெ. பின்னாடி ஒருமுறை இடி வாங்கியிருக்கிறது. அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்! நானல்லவா பல்லைக் காட்டியிருக்கிறேன்! என்றைக்காவது போய் அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் போக்கிடம் இல்லாமல் என்னிடமே தங்கிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் யார் எதை வாங்கி ஏமாந்தாலும், "பின்னாடி ஒரு டிக்கி, அவ்வளவுதான்" என்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் குமாருக்கும் அவன் மனைவிக்கும் சண்டை வரும்போதெல்லாம் அவளிடமிருந்து போன் எனக்குத்தான் வருகிறது.

"அண்ணா, அன்னைக்கு நீங்க ரிவர்ஸ் எடுக்காமலே இருந்திருக்கலாம்."