கோட்டுக்கு இந்தப் பக்கம் பீர், அந்தப் பக்கம் துப்பாக்கி

ஆசீர்வாதமெல்லாம் கடைசியில், ராய்ஸ் கண்ணு, முதலில் இதற்கு ஒரு பதில் சொல். சட்டசபையில் நீ கைதூக்கி நிறைவேற்றின புதுச் சட்டம், துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவனை எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் தடுக்கக் கூடாது, தடுத்தால் அபராதம் என்கிறது. என் பீர் லைசென்சோ, பீர் விற்கிற இடத்தில் துப்பாக்கி இருந்தால் அன்றைக்கே ரத்து என்கிறது. பீர் போனால் என் கெளுத்தி வறுவலுக்கு எவன் வருவான்? உன் மாமா போன பிறகு பதினோரு வருஷமாக நான் ஒற்றையாளாய் நடத்துகிற கடை.

போன வாரம் பீர் இன்ஸ்பெக்டர் டாலிவர் வந்தார். மான் வேட்டைக்காரர்கள் இடுப்பில் துப்பாக்கியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவங்கள வெளிய அனுப்புங்கம்மா."

"அனுப்பினா அபராதம் போடுவாங்களே."

"அது வேற டிபார்ட்மென்ட்."

"அப்ப நான் எந்த டிபார்ட்மென்ட்ல பொழைக்கிறது?"

முழங்காலில் நின்று ஜெபித்தேன். கர்த்தர் வழி காட்டினார். கடை நடுவே மஞ்சள் டேப் ஒட்டினேன்: இந்தப் பக்கம் பீர், அந்தப் பக்கம் துப்பாக்கி. டாலிவர் தலையைச் சொறிந்துகொண்டே, பீர் பக்கம் ஒரு துப்பாக்கிகூட இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டு போனார். வினை அப்புறம்தான் வந்தது. குடியே பாவம் என்கிற நம் திருச்சபையில் டீக்கனாக ஊழியம் செய்கிற லமார், இருபது வருஷமாக என் கடையில் பீரைக் காபிக் கோப்பையில் குடிக்கிறவர். துப்பாக்கி இல்லாமல் தெருவில் இறங்காதவர். வெள்ளிக்கிழமை வெறும் இடுப்போடு வந்து பீர் பக்கம் உட்கார்ந்தார். பின்னாலேயே அவர் மனைவி ஓடெல்.

"துப்பாக்கி எங்கங்க?"

"வண்டியில மறந்துட்டேன்."

"எடுத்துட்டு வாங்க, அந்தப் பக்கம் போயிடலாம்."

"இந்தக் காபிய முடிச்சிடறேன்."

"காபிக்கு ஏங்க நுரை வருது?"



இப்போது லமாரும், அவரைப் போலவே காபிக் கோப்பைக்காரர்களான இன்னும் இரண்டு டீக்கன்மாரும் என்னோடு பேசுவதில்லை. போதகரே வந்து, "டேப்ப எடுத்துடுங்க, சகோதரி" என்றார். "சரி போதகரே, நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்க?" என்றேன். மீனைப் பார்சல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

டேப்பை எடுக்க மாட்டேன். பீரையும் விட மாட்டேன். ஈஸ்டருக்குள் இரண்டு சட்டத்தையும் நீ சமாதானம் செய்து வைக்காவிட்டால் வறுவல் சட்டியோடு உன் ஆபீசில் வந்து உட்காருவேன். திங்கட்கிழமை டாலிவர் மூலைமூலையாகச் சோதிக்க வருகிறார், வரட்டும். பீர் பக்கம் ஒரு தோட்டாகூடக் கிடையாது என்று பைபிள்மேல் கைவைத்து அவரிடம் அன்றைக்கே சத்தியம் செய்திருக்கிறேன். கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாராக.

உன் அத்தை,
ஆர்டித்

பி.கு. உறையை ஒட்டும்போதுதான் ஞாபகம் வருகிறது. உன் மாமாவின் கைத்துப்பாக்கி அவர் வைத்த இடத்திலேயே, பீர்ப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. டாலிவர் அந்தப் பெட்டிமேல் சாய்ந்துதான் என் சத்தியத்தை எழுதிக்கொண்டார்.