நான் மிஸ் மார்லண்ட் இல்லை

மூன்றாம் முறையாகக் கதவு தட்டப்பட்டபோது, கட்டிலுக்கு அடியில் ஒளிய இடமிருக்கிறதா என்று டீலியா குனிந்து பார்த்தாள். இடமில்லை. யாருடையவோ பெட்டிகள் அங்கே அடைத்துக்கொண்டிருந்தன.

"மிஸ் மார்லண்ட்," என்றது வெளியே ஓர் ஆண்குரல். "பயப்படாதீங்க. நான்தான் பெர்சிவல் லட்லோ. நீங்க கட்டிக்கப்போறவன்."

டீலியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "நீங்க அடுத்த கப்பல்லதானே வரணும்?"

"அப்படித்தான் இருந்தது. வெண்ணெய் வாங்க கார்க் வந்தேன். உங்க கப்பல் குவீன்ஸ்டவுன் துறைமுகத்துல நிக்கும்னு சொன்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வார்த்தை பேசிப் பழகலாமேன்னு ஏறிட்டேன்."

"எனக்கு உடம்பு சரியில்ல. கடல் ஒத்துக்கல. நியூயார்க் போற வரைக்கும் இப்படித்தான் இருக்கும்."

"அடடா," என்ற குரலில் உண்மையான கவலை இருந்தது. காலடிகள் விரைந்து விலகின. டீலியா நிம்மதியாக மூச்சுவிட்டாள். அவர் டாக்டரை அழைத்துவரத்தான் போகிறார் என்று அவளுக்குத் தெரியாது.

டீலியா ஹன்ரஹான் கார்க் நகரத்து மீன்கொட்டகையில் ஆறு வருஷம் உப்புப் போட்டவள். எத்தனை சோப்பு தேய்த்தாலும் விரலிடுக்கில் வாசனை போகாது. அந்தக் கொட்டகைக்கு இனித் திரும்புவதில்லை என்று முடிவுசெய்துகொண்டு, மூன்றாம் வகுப்புச் சீட்டோடு 'ஆர்டலீன்' கப்பலில் முந்தின நாள்தான் ஏறியிருந்தாள். அதுவே அந்தக் கப்பலின் கடைசிப் பயணம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஏறிய கொஞ்ச நேரத்தில், ரோமக்கோட்டு போட்ட ஒரு பெண் படியிறங்கிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். தன் பெயர் வினிஃப்ரெட் மார்லண்ட் என்றாள். பார்த்தே இராத ஒரு பிஸ்கட் கம்பெனி முதலாளிக்குத் தன்னைக் கட்டிவைக்கப் போகிறார்கள் என்றாள். கொத்துவேலை செய்கிற டாம்தான் தன் உயிர், அவன் இதோ இந்த மூன்றாம் வகுப்பில்தான் வருகிறான் என்றாள்.

"நீங்க என் அறைக்குப் போயிடுங்க. உங்க இடத்துல நான் இருந்துக்கறேன். அவர் அடுத்த கப்பல்லதான் வர்றார். இந்தக் கப்பல்ல என் முகம் யாருக்கும் தெரியாது. காய்ச்சல்னு சொல்லிட்டுப் படுத்துக்கங்க, போதும்."

யார் அழுதாலும் டீலியாவுக்குத் தாங்காது. கீழே காற்றும் இல்லை. சரி என்றுவிட்டாள்.

மறுநாள் காலை, லட்லோ கதவைத் தட்டுவதற்கு முன், தேநீர்த் தட்டோடு வந்த பணிப்பெண் பில்லிங், டீலியாவைப் பார்த்ததும் தட்டைக் கீழே போட்டாள்.

"கப்பல் ஆடிடுச்சு," என்றாள் பில்லிங். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. "நீங்கதான் மிஸ் மார்லண்டா?"

"ஆமா."

பில்லிங் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. அப்படியே இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் டீலியா பயந்தாள். வேறொருத்தி பெயரில் முதல் வகுப்பில் உட்கார்ந்திருப்பவளைப் போலீசில் ஒப்படைப்பார்கள். அடுத்த கப்பலில் திருப்பி அனுப்புவார்கள். கரையில் மீன்கொட்டகை காத்திருக்கும். ஆனால் போலீஸ் யாரும் வரவில்லை. லட்லோவும் அவர் அழைத்துவந்த டாக்டரும்தான் வந்தார்கள்.

டாக்டர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "குதிரை மாதிரி இருக்கீங்க," என்றார். "காத்துதான் வேணும். தினமும் காலையிலயும் சாயங்காலமும் மேல்தளத்துல நடக்கணும். மிஸ்டர் லட்லோ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார்."

மிஸ்டர் லட்லோ வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உயரம், ஒல்லி, காது கொஞ்சம் பெரிது. "நீங்க அனுப்பின போட்டோவுல முதுகுதான் தெரிஞ்சது," என்றார். "முகமும் நல்லாத்தான் இருக்கு."

அன்று மத்தியானம் டீலியா பில்லிங்கைப் பிடித்துக்கொண்டாள். பில்லிங் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். டீலியா கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த வேலை பில்லிங்குக்குச் சுத்தமாக வரவில்லை. இந்தப் பயணத்தில்தான் சேர்ந்தாளாம்.

"ஏங்க, ஒரு பெரிய மனுஷனுக்கு நம்மளைப் பிடிக்காமப் போகணும்னா என்ன செய்யணும்?"

பில்லிங் மெல்லத் திரும்பினாள். "மிஸ்டர் லட்லோவுக்கா?"

"அவர் நல்லவர்தான். ஆனா அவரா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டா எனக்கு நிம்மதி."

பில்லிங் கொஞ்சம் யோசித்தாள். "ராத்திரி விருந்துல நல்லா சாப்பிடுங்க. ஒவ்வொண்ணையும் மூணு தட்டு. எலும்பைக் கையில எடுத்துக் கடிங்க. அந்த மாதிரிப் பொண்ணுன்னா அவருக்கு ஆகவே ஆகாது."

டீலியா சொன்னபடி செய்தாள். ஆட்டுக்கறி மூன்று தட்டு. உருளைக்கிழங்கு கணக்கில்லை. எலும்பை உடைத்து உறிஞ்சினாள். பக்கத்து மேசையில் ஒரு சீமாட்டி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

லட்லோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று நினைத்தாள் டீலியா.

"எனக்குப் பார்த்த பொண்ணுங்க எல்லாரும் பட்டாணியை எண்ணி எண்ணிச் சாப்பிடுவாங்க," என்றார் அவர். "நான் சாப்பாட்டுப் பொருள் செய்யறவன். ஒருத்தர் வயிறார சாப்பிடறதைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு. இன்னொரு துண்டு வைக்கச் சொல்லட்டுமா?"

"இன்னும் மோசமாப் போயிடுச்சு," என்றாள் டீலியா மறுநாள் காலை.

"அப்படியா?" பில்லிங் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "அப்போ அவர் பிஸ்கட்டைக் குறை சொல்லுங்க. மூஞ்சிக்கு நேரா. எந்த முதலாளியும் தாங்க மாட்டான்."

மேல்தளத்தில் லட்லோ தன் கம்பெனி பிஸ்கட்டை ஒரு தகரப் பெட்டியில் நீட்டினார். டீலியா ஒன்றைக் கடித்தாள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

"இதை மனுஷன் தின்பானா? நனைஞ்ச அட்டை மாதிரி இருக்கு. உப்பே இல்ல. உப்பு இல்லாம இனிப்பு எப்படித் தெரியும்?"

லட்லோ அவளை வெறித்துப் பார்த்தார்.

"என் கம்பெனியில நாப்பது பேர் இருக்காங்க," என்றார். "எல்லாரும் தினமும் பிரமாதம்னு சொல்றாங்க. விற்பனை மட்டும் குறைஞ்சுக்கிட்டே போகுது. வாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நேரே கப்பல் சமையற்கட்டுக்குப் போனார். தலைமைச் சமையற்காரர் முறைத்ததைப் பொருட்படுத்தாமல் கோட்டைக் கழற்றி மாட்டினார். இருவரும் மாவு பிசைந்தார்கள். டீலியா உப்பைச் சிட்டிகை பிடித்துப் போட்டாள். அவர் வெண்ணெயைத் தேய்த்தார். முதல் தட்டு கருகியது. இரண்டாவது தட்டு கல்லாகிவிட்டது. மூன்றாவதை எடுத்தபோது, முறைத்த சமையற்காரரே ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். லட்லோவின் பெரிய காதில் மாவு ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட டீலியா கையை நீட்டினாள். நீட்டிய பிறகுதான், தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

"உங்க விரல்ல ஏதோ கடல் வாசனை," என்றார் அவர்.

"கப்பல்ல இருக்கோம்ல," என்றாள் டீலியா. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பில்லிங் சொன்னது எதுவும் எடுபடவில்லை. வாய்விட்டுச் சிரிக்கச் சொன்னாள், சிரித்தாள், அவரும் சேர்ந்து சிரித்தார். சீட்டாட்டத்தில் இரக்கமில்லாமல் தோற்கடிக்கச் சொன்னாள், தோற்கடித்தாள், "எனக்காக விட்டுக்கொடுக்காத முதல் ஆள் நீங்கதான்," என்று அவர் எழுந்து நின்று வணங்கினார். டீலியாவும் நாளாக ஆக, அவரை விரட்டுவதற்காகத்தான் போகிறோம் என்பதை அடிக்கடி மறந்துபோனாள். போவதற்கு முன் கண்ணாடி பார்க்கத் தொடங்கினாள்.

பிறகு ஒரு சாயங்காலம் லட்லோ மூச்சிரைக்க ஓடிவந்தார். "கேப்டன்கிட்ட பேசிட்டேன். நியூயார்க் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? அவர் நம்ம ரெண்டு பேருக்கும் இங்கேயே கல்யாணம் பண்ணிவைக்கறேங்கறார். நாளைக்குக் காலைச் சாப்பாடு முடிஞ்சதும்."

டீலியா அறைக்கு வந்து, பில்லிங்கிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே கட்டிலில் பொத்தென்று விழுந்தாள்.

"என்ன சொன்னீங்க?" என்று பில்லிங் ஆவலாகக் கேட்டாள்.

"வாயே வரல. தலையை ஆட்டிட்டேன் போல. ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் மிஸ் மார்லண்ட் இல்ல."

"தெரியும்," என்றாள் பில்லிங். "சீமான் வீட்டுப் பொண்ணு எவ இவ்வளவு அழகா விரிப்பு மடிப்பா? அதனால என்ன? அவருக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கும் பிடிச்சிருக்கு. கல்யாணம் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்."

"முடியாது."

"போலீசு, திருப்பி அனுப்பறது, எல்லாம் யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். இன்னொருத்தி உடுப்பைப் போட்டுக்கலாம், இன்னொருத்தி கட்டில்ல படுக்கலாம். இன்னொருத்தி பேர்ல நான் அவருக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். கொட்டகைக்கே போனாலும் சரி, காலையில முதல் வேலை இதுதான்."

பில்லிங் தானே குனிந்து, கோணலும் மாணலுமாக, அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

காலையில் ஒரே மூடுபனி. டீலியா தன் பழைய பாவாடையையே உடுத்திக்கொண்டு மேல்தளத்துக்குப் போனாள். லட்லோ கோட்டில் பூ குத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"மிஸ்டர் லட்லோ, நான் மிஸ்—"

அப்போதுதான் கப்பல் பாறையில் மோதியது. தளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாற்காலிகள் சறுக்கிக்கொண்டு போயின. லட்லோ ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவளையும் பிடித்துக்கொண்டார்.

"நான் மிஸ் மார்லண்ட்—" என்று அவள் மறுபடி தொடங்கினாள். கப்பலின் அபாய ஊதுகுழல் அலறி மிச்சத்தை விழுங்கியது.

"என்ன சொன்னீங்க?"

"நான் வினிஃப்ரெட்—"

"எல்லாரும் படகுக்கு," என்று ஒரு மாலுமி அவர்களுக்கு நடுவில் புகுந்து கத்தினான்.

கப்பல் அவசரப்படாமல்தான் மூழ்கியது. நியூஃபவுண்ட்லாண்ட் கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. மீனவர்களின் படகுகளும் மணியடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தன. அதனால் எல்லாரையும் இறக்க நேரமிருந்தது. டீலியா கீழ்த்தளத்துக்கு ஓடி, குழந்தைகளோடு தடுமாறிக்கொண்டிருந்தவர்களை மேலே ஏற்றிவிட்டாள். லட்லோ அவள் பின்னாலேயே ஓடினார். ஒவ்வொரு தடவை கீழே போனபோதும் இரண்டு தோளிலும் இரண்டு குழந்தைகளோடு வந்தார். கடைசிப் படகில்தான் இருவருக்கும் இடம் கிடைத்தது. அதில் துடுப்புப் போட ஆளில்லாமல் பில்லிங் ஒரு துடுப்பைப் பிடித்திருந்தாள். பில்லிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோமக்கோட்டுக்காரியும் அவளுடைய டாமும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

படகு கொஞ்சம் விலகியதும் டீலியா லட்லோவின் துடுப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்போ ஊதுகுழல் இல்ல. கேளுங்க. நான் மிஸ் மார்லண்ட் இல்ல. என் பேரு டீலியா ஹன்ரஹான். மீனுக்கு உப்புப் போடறவ. உங்களை ஏமாத்திட்டேன்."

லட்லோவின் கோட்டிலிருந்த பூ நனைந்து தொங்கியது.

"மூணு தட்டு ஆட்டுக்கறி?" என்றார்.

"அது நான்தான் சாப்பிட்டேன்."

"நனைஞ்ச அட்டைன்னு சொன்னது?"

"மனசாரச் சொன்னேன்."

"அப்போ பேரைத் தவிர எதுவும் மாறலையே," என்றார் அவர். அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். பிறகு முகம் கறுத்தது. "ஆனா மிஸ் மார்லண்டுக்கு நான் வாக்குக் கொடுத்தவன். அவங்ககிட்ட நேர்ல சொல்லாம உன்கிட்ட எப்படிக் கேட்பேன்? அவங்க எங்கே?"

டீலியா ரோமக்கோட்டுக்காரியைக் காட்டினாள். அவள் டாமின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"மன்னிச்சிடுங்க சார். நான் மிஸ் மார்லண்ட் வீட்டு வேலைக்காரி, கிளாரா. இந்தக் கல்யாணம் வேண்டாம்னு, தன் பேர்ல தன் அறையில போகச் சொல்லி என்னை அனுப்பினதே அவங்கதான். நான்தான் டாமைப் பார்த்ததும் இறங்கி வந்துட்டேன்."

"அப்போ அவங்க?"

"அவங்களும் இதே கப்பல்லதான் ஏறினாங்க சார். படகுல ஏறினப்போ எங்கேயும் அவங்களைப் பார்க்கல."

லட்லோ கப்பல் பக்கம் திரும்பினார். 'ஆர்டலீன்' மூக்கு வரை தண்ணீரில் இருந்தது. "உள்ளே ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டிருக்கா," என்றவர் துடுப்பை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். "படகைத் திருப்புங்க. அவங்களைத் தேடாம நான் கரைக்கு வர மாட்டேன்." டீலியாவும் அடுத்த துடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "நானும் வர்றேன். திருப்புங்க."

"ரெண்டு பேரும் உட்காருங்க, படகு கவுந்துடும்," என்றாள் பில்லிங். "மிஸ்டர் லட்லோ, உங்களுக்கு என்னென்ன பிடிக்கும்னு ரெண்டு வருஷமா எங்கப்பா சாப்பாட்டு மேசையில ஒப்பிச்சதை ஒண்ணு விடாம இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன், இத்தனைக்கும் அப்புறம் என்னையா தேடிட்டுப் போகப்போறீங்க?"