லோரீனுக்குத் தெரியாமல் மாற்றிய பிரேக்

ஒரு தடவையாவது என் மனைவியை ஏமாற்றிவிட்டுத்தான் சாவது என்று அன்று முடிவு செய்தேன்.

நவம்பர் மாதம். எங்கள் ஊரான சாகினாவில் நாங்கள் சூரியனைப் பார்த்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் பேர் மான் வேட்டைக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டிலேயே வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹனி" என்று கூப்பிட்டாள் லோரீன்.

முப்பத்தாறு வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் என்னிடமிருந்து ஏதோ ஒன்று போயிருக்கிறது. முதலில் மீசை போனது. பிறகு படகு.

"சனிக்கிழமை ஒருத்தர் செவெலைப் பார்க்க வர்றாரு."

"பார்த்துட்டுப் போகட்டும்."

"பார்த்துட்டு எடுத்துட்டுப் போவாரு."

எழுபத்தொன்றாம் வருஷத்துச் செவெல் கார். எட்டு சிலிண்டர். கிளப்பினால் மூன்று வீடு தள்ளித் தட்டு அதிரும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதை வாங்கியதுதான். கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"அது என் கார், லோரீன்!"

"பத்திரத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கு, மெர்ல்."

"உன் பேரை யாரு சேர்த்தது?"

"நீதான். கல்யாண நாளுக்குப் பரிசு வாங்க மறந்துட்டு, அதுதான் பரிசுன்னு சொன்ன."

செய்தித்தாளை எடுத்து விரித்தேன். அவள் நிறுத்தவில்லை.

"மார்ச்ல நீ வேலை செஞ்ச கார் பிளான்ட்டை மூடினாங்க. அன்னியிலேர்ந்து மத்தியானம் ஆனா போதும், கதவைச் சாத்திக்கிட்டு அந்தக் காருக்குள்ள உக்காந்து ரேடியோ கேட்கற. நான் தனியாச் சாப்பிடறேன். காரேஜ் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பயமா இருக்கு, மெர்ல். உள்ள நீ எப்படி இருப்பியோன்னு."

இருபத்தொன்பது வருஷம் கார்க் கதவுக்குக் கீல் மாட்டியவனுக்கு, திடீரென்று மாட்ட ஒன்றுமில்லை என்றால் எங்கேதான் போய் உட்காருவது?

"வாங்கறவன் யாரு?" என்றேன்.

"பே சிட்டிக்காரர். கர்ட் விஸ்னெஸ்கி. போன்ல முதல் கேள்வியே பவர் பிரேக்கான்னுதான். ஆமான்னேன். அதனால நீ பிரேக் பக்கமே போகக்கூடாது. கையை வெச்ச, அவ்வளவுதான்!"

என் மூளை மார்ச்சுக்குப் பிறகு முதல் முறையாக வேலை செய்தது.

பவர் பிரேக் என்றால் பாதி மிதியை எஞ்சினே மிதித்துவிடும். மேனுவல் என்றால் முழுவதும் நம் முழங்கால்தான். சொகுசாக மிதிக்க ஆசைப்பட்டு வருகிறவன் ஒரு தடவை மிதித்துப் பார்த்தால் போதும். பே சிட்டி வரை திரும்பிப் பார்க்காமல் ஓடுவான்.

மறுநாளே மேனுவல் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர் ஒன்றை வாங்கி, நாய்த் தீனி மூட்டைக்கு அடியில் வைத்துக் கடத்தி வந்தேன். இரண்டு நாள். குளிரில் விரல் மரத்தது. பிரேக்குக்குப் பவர் கொடுக்கிற, பூஸ்டர் என்கிற அந்தக் கறுப்புப் பானையைக் கழற்றினேன். டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கி, பெடலில் கம்பியை மேல் துளைக்கு மாற்றினேன். முதுகு போனது. ரேடியோவைப் போடக்கூட மறந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு சிக்கல். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறக்க. ஊரில் கால் உள்ளவர்கள் எல்லாரும் காட்டில் இருந்தார்கள்.

"லோரீன், பழைய பிரேக் ஆயிலை மாத்தறேன். கொஞ்சம் மிதிக்கிறியா?"

"பிரேக் பக்கம் போகாதேன்னேனே?"

"ஆயில் மட்டும்தான். வாங்கறவருக்கு நல்லா இருக்கட்டுமேன்னு."

"உனக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்று சொல்லி, வீட்டுச் செருப்போடு வந்து ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"விடாதே! ... இப்ப விடு. மிதி!"

"என்ன மெர்ல், கல்லு மாதிரி இருக்கு?"

"புது ஆயில் அப்படித்தான்."

"ஓ!"

நான்கு சக்கரமும் முடிந்தது. அவள் இறங்கவில்லை.

"இன்னொரு சுத்து பண்ணிடலாம். காத்து இருந்துடப் போகுது."

பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று வண்டிக்கு அடியில் படுத்தபடி எனக்குள் சிரித்துக்கொண்டேன். அன்று ராத்திரி மீட்லோஃப் இறைச்சியை இரண்டு துண்டு சாப்பிட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை. வானம் கழுவாத தட்டு மாதிரி கிடந்தது. கர்ட் வந்தான். நாற்பது வயது, தொப்பை, கையில் எண்ணெய்க் கறை. அந்தக் கறையைப் பார்த்ததுமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஓட்டிப் பாருங்க" என்றேன், தேன் ஒழுக.

தெருமுனையில் பிரேக் விளக்கு எரிந்தது. பெரிய வண்டி முக்கி முனகி நின்றது. நின்ற இடத்திலேயே இறங்கி ஓடிவிடுவான் என்று பார்த்தேன். திரும்பி வந்தான். முகமெல்லாம் பல்.

"அருமை சார்! அப்படியே நான் கேட்ட மாதிரி!"

"என்ன கேட்டீங்க?"

"மேனுவல் பிரேக்தான். இதுல நான் ரேஸ் எஞ்சின் போடப்போறேன். அது இழுக்கற மூச்சு பத்தாம பூஸ்டர் வேலையே செய்யாது. பவர் பிரேக்னா எனக்கு வேண்டவே வேண்டாம்னு போன்லயே சொல்லிட்டேனே!"

நான் வாசல் பக்கம் திரும்பினேன். லோரீன் காப்பிக் கோப்பையோடு வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"அவ என்ன சொன்னா?" என்றேன்.

"சனிக்கிழமைக்குள்ள எங்க வீட்டுக்காரர் மாத்தி வெச்சிடுவாருன்னாங்க. கூலி எவ்வளவுன்னு கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், எனக்குத் தெரியாம செய்யறதா நினைச்சு சந்தோஷமாச் செய்வாருன்னாங்க."