பிறந்தது முதல் வெளிநாட்டவர்

நாட்டு அணிக்கே வெளிநாட்டிலிருந்து பயிற்சியாளரைக் கூட்டிவரலாம் என்றால், உத்திரமேரூருக்குத் தெற்கே எட்டாவது கிலோமீட்டரில் இருக்கும் நேஷனல் கிரிக்கெட் கிளப்புக்குக் கூட்டிவந்தால் என்ன குடி முழுகிவிடும்? தலைவர் வேதாசலம் இப்படிக் கேட்டதும் செயற்குழு கை தட்டியது. ஏதோ ஒரு ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் தள்ளி ரிட்டயரானவர் அவர். கிளப்பையும் ஆபீஸாகவே நடத்தினார். பேட் உடைந்தால்கூட மூன்று பிரதிகளில் மனு கொடுக்க வேண்டும்.

கை தட்டாத ஒரே ஆள் துரைராஜ். பதினோரு வருஷமாகச் சம்பளமில்லாத கோச். கழனி வேலை முடிந்ததும் நேரே மைதானம்தான். ஏரி மண்ணைத் தன் டிராக்டரில் அடித்து, தண்ணீர் விட்டு, ரோலர் இழுத்துப் பிட்ச் போட்டவரே அவர்தான். அந்த டீம் கையை விட்டுப் போனால் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் என்ன செய்வதென்றே மனுஷனுக்குத் தெரியாது.

வாட்ஸாப்பில் விளம்பரம் போனது. நிஜமாகவே ஒரு ஆஸ்திரேலியாக்காரர் வந்து நின்றார். பேர் ஆல்வின். வேடந்தாங்கலில் பறவை பார்க்க வந்தவர். சீசன் முடிந்து பறவைகளெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்தன, இவர் போகவில்லை. இங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துவிட்டார். அங்கே இருபது வருஷம் கோச்சாக இருந்தவராம். பாஸ்போர்ட்டை நீட்டினார்.

வேதாசலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நீங்க ஆஸ்திரேலியாக்காரர்னு சொல்லுது. வெளிநாட்டுக்காரர்னு எங்க கீது? அதுக்கு வி.ஏ.ஓ. சான்று வேணும்."

வி.ஏ.ஓ. ஹேமாவதி அதற்கும் ஒரு படி மேல். கிராமத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவருக்குத்தான் எந்தச் சான்றும், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஆல்வின் முகம் சுளிக்காமல் ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டார்.

துரைராஜுக்கு வயிறு எரிந்தது. கடைசித் தேதியன்று, இந்தக் கூத்தைக் கேலி செய்யத்தான், தானும் வெளிநாட்டவர் என்று சான்று கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனார். ஹேமாவதி தலையைத் தூக்கவில்லை. ரேஷன் கார்டு? இருந்தது. ஆதார்? இருந்தது. போட்டோ ரெண்டு? அதுவும் இருந்தது. முத்திரை விழுந்தது: 'மேற்படி துரைராஜ், த/பெ சேட்டு என்பார், மேற்படி கிராமத்தில் பிறந்தது முதல் நிரந்தரமாக வசித்து வரும் வெளிநாட்டவர் ஆவார் எனச் சான்றளிக்கப்படுகிறது.'

கிழித்துப் போட்டிருக்கலாம். டீம் போய்விடுமே என்ற பயம் விடவில்லை, கிளப்பில் கொடுத்துவிட்டார். குறையில்லாத மனு அது ஒன்றுதான் என்பதால் துரைராஜ் வெளிநாட்டுப் பயிற்சியாளராக ஏகமனதாக நியமிக்கப்பட்டார்.

ஒரே நிபந்தனை, தமிழ் பேசக்கூடாது. தமிழ் பேசுகிற ஆளுக்கு வெளிநாட்டுக் கோச் என்று எதற்குப் பேர் என வேதாசலம் கேட்டார், நியாயம்தானே. கேப்டன் தினேஷ்குமார் மொழிபெயர்ப்பாளர் ஆனான். பதினோரு வருஷமாக "கால முன்ன வெச்சி ஆடுங்கடா" என்று தொண்டை கிழியக் கத்தியபோது காதில் வாங்காத பயல்கள், "ஃபிரண்ட் ஃபுட், ப்ளீஸ்" என்றதும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். ஃபாரின் டெக்னிக்கே தனி என்று பேசிக்கொண்டார்கள். டீக்கடையில்கூடச் சேர் போட்டு உட்காரவைத்தார்கள். துரைராஜுக்கும் அது கொஞ்சம் பிடித்துத்தான் போனது. வீட்டில் கல்பனா மட்டும், "வூட்டாண்ட வந்தா தமிழ்ல பேசு, இல்லாங்காட்டி சோறு கெடையாது" என்று சொல்லிவிட்டாள்.

ரெண்டு மேட்ச் ஜெயித்தார்கள். வாலாஜாபாத்தில் நடந்த ஃபைனலில் நாற்பத்தோரு ரன்னுக்குச் சுருண்டார்கள். மறுநாளே அவசரக் கூட்டம். வெளிநாட்டவருக்கு நம் மண்ணின் தன்மை தெரியாததே தோல்விக்குக் காரணம், இனி மண்ணின் மைந்தர்தான் கோச் என்று வேதாசலம் தீர்மானம் வாசித்தார்.

துரைராஜ் துள்ளி எழுந்தார். "யோவ், அந்த மண்ண ஏரிலருந்து அள்ளிக்கினு வந்து கொட்டினதே நான்தான்யா."

செயற்குழு வாயைப் பிளந்தது. வேதாசலத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "ஆறே மாசத்துல இன்னா அழகா தமிழ் பேசறாரு பாருங்க" என்றார். அதைப் பாராட்டியும் ஒரு தீர்மானம் போட்டார்கள்.

உள்ளூர்க்காரன் என்று ஒரு சான்று கிடைத்தால் போதும் என்று துரைராஜ் வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு ஓடினார். ஹேமாவதி ரிஜிஸ்டரைப் புரட்டினார். "உங்கள ஃபாரினர்னு நானே கையெழுத்து போட்டுக்கீறேன். இப்ப இந்த ஊருன்னும் நானே போட்டா ஆடிட்ல இன்னா பதில் சொல்றது?" பாவம் பார்த்து ஒரு யோசனையும் சொன்னார்: சொந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுப் பாருங்கள்.

வெளியே வந்தால் எதிரே ஆல்வின். கையில் புத்தம் புது ரேஷன் கார்டு. அன்றைக்குத்தான் வந்ததாம்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த துரைராஜ், எட்டாம் நாள் மைதானத்துக்குப் போய்விட்டார். உள்ளூர்ப் பயிற்சியாளர் ஆல்வின் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பிட்சுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "கால முன்ன வெச்சி ஆடுங்கடா" என்று கத்தினார். ஒருத்தனும் வைக்கவில்லை.

துரைராஜைப் பார்த்ததும் ஓஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு ஆல்வின் ஓடிவந்து கை கொடுத்தார். "இன்னா சார், எங்க ஊரு எப்பிடி கீது? புடிச்சிருக்கா?"

துரைராஜுக்கு நெஞ்சு வரைக்கும் என்னென்னவோ வந்தது. ஆறு மாசப் பழக்கம், வாயில் வந்தது இங்கிலீஷ்தான்.

"வெரி நைஸ் ப்ளேஸ்" என்றார்.