எலிகளுக்கு வராத புண்

ஃபிரிட்ஜைத் திறந்ததும் எலி மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. இலைச்சாறு பாட்டில் மறுபடியும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

மருந்துக் கல்லூரியில் எலிகளோடு மல்லுக்கட்டுவது அவர் வேலை. அதனால் உறவுக்காரர்கள் வைத்த பெயர் அது. ஆய்வுக்கூடத்து ஃபிரிட்ஜ் மூச்சை நிறுத்திக்கொண்டதால், இரண்டு பழுப்பு பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்றில் இலைச்சாறு. இன்னொன்றில் வலி மாத்திரையைக் கரைத்த கரைசல். வெறும் வயிற்றில் அதைக் கொடுத்தால் எலியின் இரைப்பை புண்ணாகும். முன்கூட்டியே இலைச்சாறு குடித்த எலிகள் அந்தப் புண்ணிலிருந்து தப்புகின்றனவா என்பதுதான் ஆராய்ச்சி.

சந்தேகம் மாடியில் குடியிருக்கும் மாமனார் மேல்தான். பல வருஷமாக நெஞ்சைத் தடவிக்கொண்டு ஏப்பம் விடுகிற மனிதர். மாப்பிள்ளை தன் மனைவியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்.

"எங்கப்பா எலி மருந்தைத் திருடிக் குடிக்கிறார்ங்கிறீங்களா?"

எலி மருந்து வேறு, எலிக்குக் கொடுக்கிற மருந்து வேறு என்று விளக்கப்போய், அன்றைக்குத் தனியாகச் சாப்பிட்டார்.

மாமனாரிடம் நேரே கேட்டால் மரியாதை கெடும். ஆகவே ஓசைப்படாமல் இரண்டு பாட்டில்களிலும் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தார். அது இருந்த இடத்தில் இதையும், இது இருந்த இடத்தில் அதையும் மாற்றி வைத்தார். தனக்கு மட்டும் தெரிய, கரைசல் பாட்டிலின் அடியில் ஒரு புள்ளி. மறுநாள் பார்த்தால் இரண்டும் வைத்த அளவிலேயே இருந்தன. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் ஆய்வுக்கூடம் வரைதான். இலைச்சாறு குடித்த எலிகளின் வயிறு சுத்தமாக இருந்தது. சரி. குடிக்காமல் கரைசலை மட்டும் குடித்த எலிகளின் வயிறும் கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருந்தது.

"புண்ணே வரலைன்னா, உங்க இலை எதுலேருந்து காப்பாத்துச்சு?" என்றார் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியை. குரலை உயர்த்தாமல் கேட்டதுதான் அதிகம் வலித்தது.

கரைசலை இரண்டு மடங்காகக் கொடுத்தார். எலிகள் நிம்மதியாகக் கொட்டாவி விட்டன. பட்டினியை நீட்டினார், ஒன்று அவர் விரலைப் பதம் பார்த்தது. இந்த ஜாதி எலிக்கு வயிறு கெட்டியோ என்று வேறு ஜாதியை வரவழைத்தார். அவை பழையவற்றைவிடத் தெம்பாக இருந்தன. இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆராய்ச்சியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியை சொல்லிவிட்டார். எலிகளுக்கு வரவேண்டிய எரிச்சல் எல்லாம் இவர் வயிற்றுக்கே வந்து சேர்ந்தது.

விரலில் கட்டோடு வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தார். மாடியிலிருந்து தடதடவென்று இறங்கிவந்த மாமனார், மகள் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தார்.

"மனசு உறுத்துது மாப்ள. உங்க இலைச்சாறை நான்தான் குடிச்சிட்டிருக்கேன். முதல்ல ஒரு மடக்கு, இப்போ ரெண்டு வேளையும் அரை டம்ளர். நீங்க சந்தேகப்பட்டதும், குறைஞ்ச அளவுக்குத் தண்ணி ஊத்தி வச்சுட்டேன்."

மாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. எலிகள் சொல்லாததை ஒரு மனுஷராவது சொல்ல மாட்டாரா என்ற ஆசைதான் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"வயித்துக்கு ஒண்ணும் கேக்கல மாப்ள, எரிச்சல் முன்னைக்கு இப்ப ஜாஸ்தி. ஆனா இந்த முட்டி வலி இருந்துச்சே, அது போன இடம் தெரியல."