மூக்கு மாஸ்டரின் முகூர்த்த மாத்திரை

சத்தியவேட்டில் சமையல்காரர் மூக்கு மாஸ்டர் மோந்து பார்க்காமல் எந்தக் கல்யாணமும் செல்லாது. தாலியெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். சாமிக்குப் படைக்கும் முன் சமையலை நாக்கில் வைப்பதில்லை என்பது அவர் விரதம். அண்டாமேல் குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். "உப்பு ஒரு பிடி கம்மி" என்பார். கம்மியாகத்தான் இருக்கும்.

அந்த மூக்கு கடையைச் சாத்தியது. நெடுநாள் சைனஸ், உள்ளே சதை வளர்ந்து அடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனான என் மூக்கை ரகசியமாக வேலைக்கு வைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது. நான் "பிரமாதம்" என்று சான்று கொடுத்த சாம்பாரை ஒரு நிச்சயதார்த்தத்தில் ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வேறு மாஸ்டர் வந்தார்.

மூக்கு மாஸ்டர் கலங்கிப்போய்த் திருப்பதி டாக்டரம்மாவிடம் ஓடினார். ஸ்டீராய்டு மாத்திரை, கொஞ்ச நாளைக்கு மட்டும். மூக்கு திறந்தது.

"சார், கொத்தமல்லி வாசனை வருது சார்!" என்று தழைக்கட்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

மாத்திரை முடிந்தது. சில வாரங்களில் வாசனையும் போனது. மாஸ்டர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் விழுங்கினார். தமிழ்க் கல்யாணம், தெலுங்குக் கல்யாணம் இரண்டும் நடக்கிற எல்லை ஊர், முகூர்த்தத்துக்கா பஞ்சம்? முகம் பூசணிக்காயானது. தூக்கம் போய், பசி வந்தது. சர்க்கரை ஏறியது.

திரும்பவும் திருப்பதி. இம்முறை நானும் போனேன்.

"ஏமய்யா, முகூர்த்தம் பாத்தா மாத்திரை போடுவ?" என்றார் டாக்டரம்மா. "வீக்கம் வத்த நல்ல மருந்துதான். அடிக்கடி போட்டா சர்க்கரை, எலும்பு, கண்ணு எல்லாம் கெடும். திடீர்னு நிறுத்தவும் கூடாது, நான் சொல்றபடி கொறச்சுக்கினே வா."

"வாசன தெரியலன்னா என்னை எவம்மா கூப்புடுவான்? அடுப்ப வுட்டா நான் யாரு?"

டாக்டரம்மா குரல் தணிந்தது. "ஆபரேஷன்ல சதைய எடுக்கலாம். மறுபடி வளரலாம். அதனால தெனம் ஸ்ப்ரே, உப்புத் தண்ணில கழுவறது, ரெண்டும் வுடக்கூடாது."

"எவ்ளோ உப்பும்மா?" என்றார் மாஸ்டர், தொழில் அக்கறையோடு.

இப்போது ஆபரேஷன் முடிந்து, முகம் வற்றி, மூக்கு முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஆனாலும் அண்டா கொதித்தால் என்னைக் கூப்பிடுகிறார். போன கல்யாணத்தில் எனக்குக் கடும் சளி, ஒன்றுமே தெரியவில்லை. "சரியா இருக்கு மாஸ்டர்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டார். அப்புறம் எனக்கென்று ஒரு டம்ளர் மிளகு ரசத்தைத் தனியாக எடுத்துவைத்தார்.