டீசல் சுருங்கிய விவகாரம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மகளும் அச்சு இயந்திரமும் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் டேங்கர் லாரிகளும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் என் மனைவியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அச்சகத்து ஜெனரேட்டருக்குத் தாங்கள் அனுப்பிய இருநூறு லிட்டர் டீசல் பேரல் உச்சி வெயிலில் வந்து இறங்கியது. மறுநாள் விடியற்காலைக் குளிரில் குச்சி விட்டுப் பார்த்தேன். மூன்று லிட்டர் குறைகிறது. பேரலில் ஓட்டை இல்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. "மச்சான் நம்மகிட்டயே கை வச்சுட்டாரே!" என்று வாய்க்குள் முனகியதாகத்தான் ஞாபகம். தெருக்கோடி வரை கேட்டிருக்கிறது. தங்கள் தங்கை, "எங்கண்ணன் திருடனா? அப்ப நான் திருடன் வீட்டுக்கே போறேன்" என்று பெட்டியைத் தூக்கிவிட்டாள். நானும் ரோஷத்தில், போனா போகட்டும்னு, மூணு லிட்டர் வாங்கிவந்து பேரலைக் கழுத்துவரை ரொப்பினேன். மூடியைச் சரியாகத் திருகவில்லை. வெயில் ஏற ஏற டீசலும் ஏறி, வழிந்து, கதவடியில் புகுந்து, கட்டி வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளில் ஊறிவிட்டது. பத்திரிகை வாங்க வந்த கல்யாணப் பெண்ணின் தகப்பனார் ஒன்றை எடுத்து முகர்ந்தார். "இதைக் கொடுத்தா கல்யாணத்துக்கு வருவாங்களா, இல்ல கேன் எடுத்துட்டு வருவாங்களா?" என்று கேட்டார்.

மகள்தான் சொன்னாள்: "அப்பா, டீசல் சூட்டுல விரியும், குளிர்ல சுருங்கும். அளவுதான் குறையும், எடை அப்படியே இருக்கும். மாமா மேல தப்பே இல்ல." நம்பாமல், காகிதம் நிறுக்கும் தராசில் காலையில் ஒரு லிட்டர், மத்தியானம் ஒரு லிட்டர் நிறுத்தேன். காலை லிட்டர்தான் கனம். அதாவது மச்சான், குளிர்ல சரக்கு நெருங்கி உக்காந்திருக்கு, அவ்வளவுதான். எங்கயும் போகல.

ஆகவே தாங்கள் திருடவில்லை என்பது தராசு மூலம் நிரூபணமாகிவிட்டது. மன்னிச்சிடுங்க. அவ இல்லாம வீடு வீடா இல்ல மச்சான். நான் போட்ட காப்பியை மகள் ஜன்னல் வழியா ஊத்திட்டா. இந்தக் கடிதத்தைக் காட்டி, எப்படியாவது சமாதானம் பண்ணி அனுப்பி வைங்க.

தங்கள் லாரிகள் வழியில் நிற்காமல் ஓடவும், தங்கள் வீட்டார் அனைவரும் நீடூழி வாழவும் வேண்டும்,
தங்கள் தங்கையின் கணவன்.

பி.கு.: இந்தப் பாகத்தைக் கிழித்துவிட்டு அவளிடம் காட்டவும். மகள் இப்போதுதான் கணக்குப் போட்டு முடித்தாள். அன்றைய குளிருக்கு இரண்டே முக்கால் லிட்டர்தான் சுருங்கியிருக்க வேண்டுமாம். சந்தேகமெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். அந்தக் கால் லிட்டரை மட்டும் என்ன பண்ணீங்கன்னு ஒரு வரி எழுதுங்க.